குழாயில் வளரும் கல்

பத்துமலையின் 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் நுழைபவர்கள் சற்றே அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்குவதைக் காணலாம். ஆலமரத்தின் விழுதுகளைப் போல அவை மேலிருந்து கீழாக வளர்ந்தவை. அவற்றை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. பாறை இடுக்குகளில் கசியும் நீர், சொட்டுச் சொட்டாக விழுந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் கட்டியெழுப்பியவை அவை. கிந்தா பள்ளத்தாக்கிலோ பெர்லிசிலோ சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து எடுத்த கிணற்று நீரைப் புழங்கும் ஒரு வீட்டின் சமையலறையிலும் இதே வேலை நடக்கிறது. அங்குள்ள தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் தடவினால், வெள்ளையாகவும் சொரசொரப்பாகவும் ஏதோ ஒன்று தட்டுப்படும். அதுவும் குகையில் தொங்கும் அதே வகைக் கல்தான்.

குகையில் அந்தக் கல்லைக் காண மக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சமையலறையில் அதே கல் குழாயை ஒழுக வைக்கிறது, தொட்டியைக் கறைப்படுத்துகிறது, பழுதுபார்ப்பவரை மீண்டும் மீண்டும் அழைக்க வைக்கிறது. குழாய் சொட்டத் தொடங்கினால் பெரும்பாலோர் முதலில் கைப்பிடியை இறுக்கித் திருகுகிறார்கள். அது பலிக்காதபோது உள்ளே இருக்கும் வாஷரை மாற்றுகிறார்கள். சொட்டு நின்றுவிடுகிறது. சில மாதங்கள் கழித்து அதே குழாய் மீண்டும் சொட்டுகிறது. “மட்டமான வாஷர், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் பல வேளைகளில் குறை வாஷரில் இல்லை. அந்த வாஷர் உட்காரும் இடத்தில் முன்பே கல் படிந்திருக்கிறது. கல்லை அகற்றாமல் புதிய வாஷரைப் பொருத்துவது, சகதியைத் துடைக்காமல் அதன்மேல் புதுப் பாயை விரிப்பதற்கு ஒப்பாகும்.

நீருக்குள் கல் வந்த கதை

மழைநீர் மண்ணில் விழும்போது ஏறக்குறைய தூய நீராகவே இருக்கிறது. ஆனால், அது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவளியைக் கரைத்துக்கொள்கிறது. குறிப்பாக, தாவர வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கும் மண்ணில் கரிவளி மிகுதி. இதனால் நீர் மிக மெல்லிய அமிலமாக மாறுகிறது. சோடா பானத்தில் இருப்பதும் இதே கார்போனிக் அமிலம்தான். இந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் வழியே ஊடுருவும்போது, அப்பாறையின் முதன்மைப் பொருளான கால்சியம் கார்பனேட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. தூய நீரில் எளிதில் கரையாத அந்தக் கல், அமிலம் கலந்த நீரில் கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துவிடுகிறது. சில பாறைகளில் மெக்னீசியமும் சேர்ந்து கரையும். இவ்வாறு கால்சியமும் மெக்னீசியமும் மிகுதியாகக் கரைந்துள்ள நீரையே கடின நீர் என்கிறோம். பார்வைக்கு அது பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கூர்ந்து நோக்கினாலும் அதிலுள்ள கல் தெரியாது.

மலேசியர்களில் பலருக்குக் கடின நீரைப் பற்றித் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நாட்டின் குழாய் நீரில் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பாக விளங்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. கருங்கல்லின்மீது ஓடிவரும் நீரில் கால்சியம் குறைவு, அது மென்னீர். ஆனால், பெர்லிசின் மேற்கு எல்லையில் நீண்டு கிடக்கும் நக்காவான் மலைத்தொடர், லங்காவித் தீவின் சில பகுதிகள், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு, பத்துமலை வட்டாரம், சரவாக்கின் மூலு ஆகியவை சுண்ணாம்புப் பாறை நிலங்கள். இத்தகைய நிலத்தில் கிணறு தோண்டினால் கடின நீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். எனவேதான் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு குழாய்களில் ஒன்று ஓர் ஊரில் பல ஆண்டுகள் உழைக்கிறது. மற்றொன்று வேறோர் ஊரில் ஓரிரு ஆண்டுகளில் முரண்டு பிடிக்கிறது.

தமிழ்ச் சமையலறைகள் இந்த வேறுபாட்டை அறிவியல் பெயர் தெரிவதற்கு முன்பே அறிந்திருந்தன. “இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது” என்று பாட்டிமார்கள் சொல்வது வெறும் குறைகூறல் அன்று. கடின நீரிலுள்ள கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளை இறுக்கிவிடுகிறது. ஆகவே, எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு குழையத் தயங்குகிறது.

கடினத்தன்மையை அளப்பதற்கு, ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான பொருள் கரைந்துள்ளது என்று கணக்கிடுவர். 60 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் மென்னீர். 120 மில்லிகிராமைத் தாண்டினால் கடின நீர். 180 மில்லிகிராமையும் தாண்டினால் மிகக் கடின நீர். மலேசியாவின் குடிநீர்த் தர அளவுகோல் 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்குத் தேவையான சத்துகள் என்பதால், உலகச் சுகாதார நிறுவனம் உடல்நலக் காரணத்துக்காகக் கடினத்தன்மைக்கு எந்த உச்சவரம்பையும் விதிக்கவில்லை. ஆகவே, கடின நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மனிதருக்குத் தீங்கில்லாத நீர் குழாய்க்கும் தீங்கில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு குடும்பம் நாள்தோறும் 500 லிட்டர் நீரைப் புழங்குகிறது என்றும் அந்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வீட்டுக் குழாய்களின் வழியே ஒரு நாளில் 100 கிராம் கல் கடந்து செல்கிறது. ஓர் ஆண்டில் அது 36.5 கிலோகிராம். 10 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றைவிட அதிகம்! அதில் பெரும்பகுதி கழிவுநீரோடு போய்விடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் வீட்டுக்குள் தங்கினாலும், ஆண்டுக்கு 36 கிராம் கல் குழாய்களிலும் தொட்டிகளிலும் நீர் சூடேற்றியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு குழாயின் உள்ளே இருக்கும் நீர்ப்பாதை சுண்டுவிரலைவிடக் குறுகலானது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த 36 கிராமின் பொருள் விளங்கும்.

கரைந்த கல் மீண்டும் கல்லாவது எப்படி?

இது மூன்று வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, வெப்பம். நீரைச் சூடாக்கும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரிவளி வெளியேறி, கால்சியம் கார்பனேட் மீண்டும் படிகிறது. சர்க்கரை சுடுநீரில் நன்றாகக் கரையும். இந்தக் கல்லோ சூடேறச் சூடேறக் கரைய மறுக்கும். மின்சாரக் கேத்தலின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏடு கட்டியிருப்பது இதனால்தான். குளியலறையின் சுடுநீர்க் குழாயில் நீர் மெலிவதும், பக்கத்திலுள்ள குளிர்நீர்க் குழாய் நன்றாக ஓடுவதும் இதே காரணத்தால் இருக்கலாம்.

இரண்டாவது, வளி வெளியேறுதல். நீர் திறந்த வெளிக்கு வந்ததும் அதில் கரைந்திருந்த கரிவளி காற்றோடு கலக்கிறது, அமிலத்தன்மை குறைகிறது, கல் படிகிறது. குகை விழுதுகள் வளர்வது இவ்வழியில்தான். மூன்றாவது, ஆவியாதல். குழாயின் நுனியில் தொங்கும் ஒரு துளி காய்ந்துபோனால், நீர் மட்டுமே ஆவியாகும். அதிலிருந்த கல் எங்கும் போகாது, அங்கேயே தங்கிவிடும். குகையில் ஒரு விழுது பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. சமையலறைக் குழாய்க்கு வெப்பம், காற்று, ஆவியாதல் மூன்றும் துணைபுரிவதால், அங்குக் கல் மிக விரைவாக வளர்கிறது.

குழாயின் உள்ளே

குழாயில் முதலில் பாதிக்கப்படுவது அதன் வாயில் திருகப்பட்டிருக்கும் சிறு சல்லடை. நீரில் காற்றைக் கலந்து, தெறிக்காமல் மென்மையாக விழச் செய்வது அதன் வேலை. கடைக்காரர்கள் அதை ஏரேட்டர் என்பார்கள். அதன் நுண்ணிய துளைகள் எப்போதும் ஈரமாகவும் காற்றுபடும்படியும் இருப்பதால், கல் படிவதற்கு அதைவிட ஏற்ற இடமில்லை. துளைகள் அடைபட்டதும் நீர் கோணல்மாணலாகப் பீய்ச்சும். பிறகு நூல்போல் மெலியும். வீட்டார் நீரழுத்தம் குறைந்துவிட்டதாக எண்ணி நீர் வாரியத்துக்கு அழைப்பு விடுப்பதும் உண்டு. வீட்டிலுள்ள மற்றக் குழாய்களைத் திறந்து பார்த்தாலே போதும். அவை நன்றாக ஓடினால் குறை அந்த ஒரு சல்லடையில்தான் இருக்கிறது.

அடுத்தது, நீரை நிறுத்தும் பகுதி. பழைய வகைக் குழாய்களில் கைப்பிடியைப் பல சுற்றுத் திருகும்போது ஒரு தண்டு கீழிறங்கி, அதன் முனையிலுள்ள ரப்பர் வாஷரைப் பித்தளை இருக்கையின்மீது அழுத்துகிறது. இருக்கையில் கல் படிந்திருந்தால் வாஷர் சீராகப் பதியாது. நூலிழை அளவு இடைவெளி ஏற்பட்டு, அதன் வழியே நீர் கசியும். அப்போது வீட்டார் முழு வலிமையோடு கைப்பிடியை இறுக்குவார்கள். கூர்மையான கற்பொருக்குகள் மென்மையான ரப்பரைக் கிழித்துவிடும். இடைவிடாமல் கசியும் நீர் காலப்போக்கில் பித்தளை இருக்கையையே அரித்து, அதில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடும். அந்நிலையில் எத்தனை வாஷர் மாற்றினாலும் பயனில்லை. இருக்கையைத் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும் அல்லது குழாயையே மாற்ற வேண்டும். சில ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை இப்படித்தான் பெருஞ்செலவில் போய் முடிகிறது.

இன்றைய குழாய்கள் பலவற்றில் வாஷருக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக உரசும் இரண்டு பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே நீர் வரும், நின்றுவிடும். கடின நீர் இந்தத் தட்டுகளைக் கீறிப் பாழாக்குகிறது என்று பலர் சொல்வதுண்டு. இக்கூற்று முழுமையாகச் சரியன்று. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக் கல்லின் எண் 3 மட்டுமே. குழாய்த் தட்டுகள் செய்யப்படும் அலுமினா பீங்கானின் எண் 9. மென்மையான பொருள் வன்மையான பொருளைக் கீறாது. தட்டுகளைக் கீறுவது பெரும்பாலும் நீரோடு வரும் மணல் துகள். சுண்ணாம்புக் கல் செய்வது வேறு: அது தட்டுகளின் விளிம்பில் படிந்து அவற்றைச் சேரவிடாமல் தடுக்கிறது, சுழற்சியைக் கடினமாக்குகிறது. கைப்பிடி இறுகிப்போனதும் சிலர் வலுக்கட்டாயமாகத் திருப்புவார்கள். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும். முறுக்கித் திருகினால் உடையும். அதாவது, தட்டுகள் உடைவதற்குக் கல்லைவிடக் கையின் அவசரமே பெருங்காரணம். உடையாத தட்டுகளைக் கழற்றிக் கல்லைக் கரைத்துவிட்டால் அவை பெரும்பாலும் பழையபடியே உழைக்கும்.

சொட்டும் குழாயை ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவதற்கு விலை உண்டு. ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 4,000 சொட்டுகள் என்று கொள்வோம். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்கு 86,400 சொட்டுகள். அது 21 லிட்டருக்கும் அதிகம். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 7,900 லிட்டர். ஓர் அளவுக் குவளையும் கடிகாரமும் இருந்தால் மாணவர்கள் தங்கள் வீட்டுக் குழாயிலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மேலும், சொட்டும் ஒவ்வொரு துளியும் குழாய் வாயில் சிறிதளவு கல்லை விட்டுச் செல்கிறது. சொட்டு கல்லை வளர்க்கிறது. கல் சொட்டை வளர்க்கிறது.

கரைத்த பிறகே பழுதுபார்த்தல்

கல்லை உருவாக்கியது அமிலத்தன்மை குறைந்த நிலை. எனவே, அதைக் கரைக்க மீண்டும் அமிலம் தேவை. அதற்கு வீட்டிலுள்ள வினிகரே போதும். சமையலுக்கான வினிகரில் ஏறக்குறைய 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அது கால்சியம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து, நீரில் கரையும் கால்சியம் அசிட்டேட்டாக மாற்றுகிறது. கரிவளி குமிழிகளாக வெளியேறுகிறது. ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் இதே வினையைக் காணலாம். முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட்தான். வெள்ளைப் படிவின்மேல் ஒரு துளி வினிகரை விட்டதும் நுரை பொங்கினால் அது சுண்ணாம்புக் கல் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

சல்லடையைத் தூய்மை செய்வது பள்ளி மாணவரும் செய்யக்கூடிய வேலை. முதலில் தொட்டியின் வடிகால் துளையை ஒரு துணியால் மூட வேண்டும். இதை மறந்தவர்கள், சல்லடைக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம் வடிகாலுக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பிறகு சல்லடையைக் கையால் திருகிக் கழற்றலாம். கையால் முடியாவிட்டால், அதன்மேல் துணியைச் சுற்றி, இடுக்கியால் மெதுவாகத் திருப்பலாம். துணி இல்லாமல் இடுக்கியை வைத்தால் பளபளப்பான பூச்சு சிதைந்துவிடும். சல்லடையின் மரைகளுக்குள்ளும் கல் புகுந்து, சிமெண்டுபோல் இறுகியிருப்பது உண்டு. அப்போது வலிமையைக் கூட்டக் கூடாது. வினிகர் ஊற்றிய ஒரு சிறு பிளாஸ்டிக் பையைக் குழாயின் வாய் மூழ்கும்படி ரப்பர் வளையத்தால் கட்டி, அரைமணி நேரம் விட்டுவிட்டால் கல் இளகும். கழற்றிய பாகங்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பாகங்களை வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, அதே வரிசையில் பொருத்தினால் நீர் முன்புபோல் விழும்.

வாஷரையோ பீங்கான் தட்டுகளையோ கழற்றும் முன் தொட்டிக்கு அடியிலுள்ள வால்வை மூடி, குழாயைத் திறந்து மீதி நீரை வடிக்க வேண்டும். அந்த வால்விலும் கல் படிந்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வைத் திடீரென்று முறுக்கினால் அதுவே ஒழுகத் தொடங்கும். அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர்கள் அதை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்துவார்கள். அல்லது வீட்டின் முதன்மை வால்வை மூடிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இத்தகைய வேலையை மாணவர்கள் பெரியவர்களின் துணையோடு செய்வதே முறை. சுடுநீர்ச் சாதனத்தின் உட்புறத்தை மட்டும் எவரும் வீட்டில் திறக்கக் கூடாது. அங்கு நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், அது தகுதிபெற்ற மின்பணியாளரின் வேலை.

கடைக்குச் செல்லும்போது பழைய வாஷரையோ தட்டுகளையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். கண்ணளவில் ஒன்றுபோல் தெரியும் பாகங்கள் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் பொருந்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வினிகரையோ வேறெந்த அமிலத்தையோ குளோரின் கலந்த வெளுப்பானோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும். ‘இரண்டையும் சேர்த்தால் இரு மடங்கு சுத்தமாகும்’ என்ற எண்ணம் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தொட்டியும் வடிகாலும்

பாத்திரம் கழுவும் தொட்டியில் கடின நீர் இரண்டு விதமாகத் தொல்லை தருகிறது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் நீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இரும்பு நாரால் அழுத்தித் தேய்த்தால் அவை போய்விடும். ஆனால், அந்த நார் எஃகில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். அடுத்த முறை கல் அந்தக் கீறல்களில் இன்னும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போர்த்திவைத்து, பிறகு கழுவித் துடைப்பதே போதுமானது. தொட்டியைச் சுற்றியுள்ள மேடை பளிங்குக் கல்லாகவோ பளிங்குச் சில்லுகள் பதித்த தரைக்கல்லாகவோ இருந்தால் மிகுந்த கவனம் தேவை. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். குழாயில் படிந்த கல் எது, மேடையாக அமைந்த கல் எது என்று அமிலத்துக்குத் தெரியாது, இரண்டையும் கரைக்கும்.

இரண்டாவது தொல்லை, கண்ணுக்குத் தெரியாத வடிகாலில் நிகழ்கிறது. சவர்க்காரம் கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்தால், நுரைக்குப் பதிலாகப் பிசுபிசுப்பான கசடு உண்டாகும். இக்கசடு தொட்டிக்குக் கீழே உள்ள வளைகுழாயில் எண்ணெயோடும் சோற்றுப் பருக்கைகளோடும் சேர்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. இதே வினையைக் கொண்டு நீரைச் சோதிக்கவும் முடியும். இரண்டு தெளிவான போத்தல்களில் ஒன்றில் மழைநீரையும் மற்றொன்றில் வீட்டுக் குழாய்நீரையும் பாதியளவு நிரப்பி, சவர்க்காரக் கட்டியிலிருந்து சீவிய துகள்களைச் சம அளவில் போட்டுக் குலுக்க வேண்டும். மழைநீரில் நுரை நிறையப் பொங்க, குழாய்நீர் கலங்கி வெண்கசடு மிதந்தால் அது கடின நீர். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டு இச்சோதனையைச் செய்ய இயலாது. அது கடின நீரிலும் நுரைக்கும்படி உருவாக்கப்பட்டது.

வளைகுழாயைக் கழற்றித் தூய்மை செய்த பிறகும் இணைப்பில் நீர் கசிவதாகப் பலர் வருந்துவதுண்டு. இணைப்பின் மரைகளிலும் விளிம்பிலும் ஒட்டியிருக்கும் கல்லைத் துடைக்காததே பெரும்பாலும் காரணம். தொட்டியின் விளிம்பில் பூசப்படும் சிலிக்கான் பசைக்கும் இது பொருந்தும். படிவின்மேல் பூசிய புதிய பசை தொட்டியைப் பிடிப்பதில்லை; படிவைத்தான் பிடிக்கிறது. படிவு உதிரும்போது பசையும் உரிந்துவிடுகிறது. பழைய பசையைச் சுரண்டி, கல்லைக் கரைத்து, நீரால் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகு பூசினால்தான் அது நிலைக்கும்.

எல்லாக் கறையும் சுண்ணாம்பு அன்று

வெள்ளையாகப் படிந்து, வினிகரில் நுரைப்பது மட்டுமே சுண்ணாம்புக் கல். கிளந்தானில் நிலத்தடி நீர் பரவலாகப் பயன்படுகிறது. அங்குள்ள மக்கள் முதன்மையாக எதிர்கொள்வது இரும்புச்சத்தால் ஏற்படும் செம்பழுப்புக் கறை. பச்சையும் நீலமும் கலந்த கறை தென்பட்டால், செம்புக் குழாய் அரிக்கப்படுகிறது என்று பொருள். வியப்பு என்னவென்றால், இதற்குப் பெரும்பாலும் காரணமாவது அமிலத்தன்மை கொண்ட மென்னீர். கடின நீர் குழாயின் உட்சுவரில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சைப் படியவைத்து உலோகத்தைக் காக்கவும் கூடும். மென்னீரிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை. பித்தளைப் பாத்திரங்களைப் பளபளக்கச் செய்யும் புளி உலோகத்தின்மேல் படிந்த கருமையை அகற்றுவதில் வல்லது. கல்லைக் கரைப்பதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ அதைவிட ஏற்றது. கறையின் நிறத்தை அறியாமல் கையில் கிடைத்ததை ஊற்றுவதால் நேரமும் பொருளும் வீணாகின்றன.

கல் வராமலே தடுக்க முடியுமா? நீரைக் கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை நீங்கும். இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பர். சல்பேட்டால் வந்த நிரந்தரக் கடினத்தன்மை கொதிக்க வைத்தாலும் போகாது. எப்படியும் ஒரு வீட்டுக்குத் தேவையான நீர் முழுவதையும் கொதிக்க வைப்பது நடவாத காரியம். பல வீடுகளின் வாசலில் பொருத்தப்பட்டிருக்கும் மணல், கரி வடிகட்டிகள் கலங்கலையும் குளோரின் வாடையையும் குறைக்கும். கரைந்துள்ள கால்சியத்தை அவற்றால் பிடித்துவைக்க முடியாது. விற்பனையாளர் என்ன சொன்னாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கால்சியத்தை உண்மையில் அகற்றுவது அயனிப் பரிமாற்றக் கருவி. அதனுள் இருக்கும் பிசின் மணிகள் நீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை நீருக்குக் கொடுக்கின்றன. மணிகளிடம் சோடியம் தீர்ந்ததும் உப்பு நீரால் கழுவினால் அவை மீண்டும் வேலை செய்யும். இக்கருவி பொருத்திய வீடுகளில் குழாய்கள் நீண்ட காலம் உழைக்கின்றன. சவர்க்காரமும் குறைவாகவே செலவாகிறது. ஆனால், லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட நீரை முற்றிலும் மென்மையாக்கும்போது, ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 92 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் அறிவுறுத்திய ஒருவர் வீட்டில் இருந்தால் இது கவனிக்க வேண்டிய அளவு. ஆகவே, இத்தகைய வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் ஒரு குழாயை மட்டும் கருவியோடு இணைக்காமல் விட்டுவிடுவார்கள். அந்த ஒரு குழாயில் வழக்கம்போல் கல் வளரும். அதன் சல்லடையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டியதுதான்.